தும்பாவிலிருந்து ஒரு நேர்கோடு

திருவனந்தபுரம் என்றதும் நம் ஊர்ப்பக்கத்து உறவினர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பத்மநாப சுவாமி கோயில். அடுத்தது சாலைக் கடைத்தெரு. விடுமுறைக்கு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு இவ்விரண்டையும் காட்டி, மிருகக்காட்சி சாலைக்கும் கோவளத்துக்கும் ஒரு நடை போய்வந்தால் நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். நகரின் வடமேற்கே கடலோரத்தில் தும்பா என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. இயற்பியல் வரலாற்றில் நம் நகரத்துக்கு என்று ஓர் இடம் உண்டென்றால் அது அந்த மணல்வெளியால் வந்தது.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். விசை, வேகம், முடுக்கம் என்ற பாடம் வந்தாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். "ஒரு பொருள் நேர்கோட்டில் செல்கிறது என்று கொள்க" என்று தொடங்கும் கணக்குகளை அவர்கள் மனப்பாடமாகப் போட்டுவிடுவார்கள். அந்தப் பொருள் எது, எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று கேட்க மாட்டார்கள். தும்பாவில் 1963-ஆம் ஆண்டு நடந்தது அந்தக் கணக்குதான். அங்கே "ஒரு பொருள்" என்பது ஒரு ராக்கெட்; நேர்கோடு என்பது தரையிலிருந்து வானத்துக்கு. அந்த வரலாற்றை நம் குடும்பத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வாசிக்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டுவண்டி சொன்ன பாடம்

மாடு இழுத்தால் வண்டி போகிறது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது. ஆகவே ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அதை ஏதாவது ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கொண்ட முடிவு ஏறக்குறைய இதுதான். நம் அன்றாட அனுபவமும் அதற்கு ஒத்துப்போவதால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் அது செல்வாக்கோடு இருந்தது.

இத்தாலியின் கலிலியோ சாய்வான பலகையில் குண்டுகளை உருட்டிப் பார்த்தார். நேராகக் கீழே விழும் பொருளை அளக்க அந்தக் காலத்துக் கடிகாரங்கள் போதாது. சாய்வில் உருட்டினால் விழுகை மெதுவாகும், அளந்துவிடலாம். முதல் கால அளவில் குண்டு ஒரு பங்கு தூரம் போனால், அடுத்த அதே கால அளவில் மூன்று பங்கு, அதற்கடுத்து ஐந்து, பிறகு ஏழு என்று போகிறது. வேகம் சீராக ஏறுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். தரையை வழவழப்பாக்கிக்கொண்டே போனால் உருளும் குண்டு மேலும் மேலும் தூரம் போகும். உராய்வே இல்லையென்றால் நிற்கவே நிற்காது! இதையெல்லாம் அவர் 1638-இல் நூலாக வெளியிட்டார்.

நியூட்டன் 1687-இல் இதை மூன்று விதிகளாக வகுத்தார். வெளி விசை எதுவும் இல்லையென்றால், நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகும் பொருள் அப்படியே போய்க்கொண்டிருக்கும். இது முதல் விதி. விசை செயல்பட்டால் வேகம் மாறும். விசை கூடினால் மாற்றம் கூடும், பொருளின் நிறை கூடினால் மாற்றம் குறையும். இது இரண்டாவது. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாவது. மாட்டின் பலம் வண்டியை ஓட வைப்பதற்கு மட்டும் செலவாகவில்லை. சக்கரத்தின் உராய்வையும் மண்ணின் தடையையும் ஈடுகட்டுவதற்குத்தான் பெரும்பாலும் செலவாகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

பொதிகையில் ஒரு காந்த ஊசி

இங்கிலாந்திலும் இத்தாலியிலும் நடந்த கதைக்கும் நம் நகரத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஒரு காந்த ஊசியில் தொடங்குகிறது.

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப் புலத்தை அளப்பதே இவருக்கு வாழ்க்கை. நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு போகும் அருங்காட்சியகம் உருவாக முன்நின்றவர்களில் இவரும் ஒருவர்.

கடல்மட்டத்துக்கு அருகே எடுத்த அளவுகளை உயரத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று பிரவுன் விரும்பினார். அதற்காக 1850-களில் அவர் தேர்ந்தெடுத்த இடம் 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள அகத்தியர் மலை. ஆமாம், நம்முடைய பொதிகைதான். காடும் மழையும் அட்டையும் யானையும் நிறைந்த அந்த மலையில் ஆய்வுக்கூடம் கட்டி, உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு அளவுகள் எடுத்தார். திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலையிலும் எடுத்த அந்தக் காந்த அளவுகள் 1874-இல் பெரிய தொகுதியாக வெளிவந்தன.

நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கயிலையில் சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் கூடிவிட, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். அகத்தியரைத் தெற்கே அனுப்பி, அவர் பொதிகையில் நின்றதும் பூமி சமமானதாம். காந்த ஊசி ஒன்றை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், வடநாட்டில் அதன் வடமுனை தரையை நோக்கிச் சாயும். தெற்கே வர வர அந்தச் சாய்வு குறையும். திருவனந்தபுரம், பொதிகை, திருநெல்வேலி வட்டாரத்தில் ஊசி ஏறக்குறைய சமமாகக் கிடக்கும்! புராணத்தையும் விஞ்ஞானத்தையும் முடிச்சுப்போடுவது என் நோக்கம் அல்ல. பொருத்தம் அழகாக இருக்கிறது, ரசித்துவிட்டு மேலே போவோம். ஊசி இப்படிச் சமமாகக் கிடக்கும் இடங்களை இணைக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். தும்பாவின் அதிர்ஷ்டம் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

தேவாலயம் தந்த இடம்

காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை நேரில் போய் அளக்க வேண்டும். பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. சுமார் 40 கி.மீ.க்கு மேல் அதைத் தாங்கக் காற்று போதாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. காற்றின் உராய்வில் சீக்கிரமே விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த உயரத்துக்குப் போக ஒரே வழி, கருவியை ராக்கெட்டில் வைத்து நேர் மேலே அனுப்பி, போகிற வழியிலும் வருகிற வழியிலும் அளந்துகொள்வதுதான். இதற்கென்றே உள்ள சிறு ராக்கெட்டுகளை ஆய்வு ராக்கெட்டுகள் என்கிறோம்.

1962-இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது. அதன் தலைவர் விக்ரம் சாராபாய். கேரளக் கடற்கரையில் பல இடங்களைப் பார்த்துவிட்டுத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். காந்த நடுக்கோடு அருகே. மேற்கே பரந்த அரபிக்கடல். பக்கத்திலேயே நகரமும் விமான நிலையமும். ஒரே ஒரு சிக்கல்: அங்கே மக்கள் குடியிருந்தார்கள். மீனவக் குடும்பங்களின் வீடுகளும், அவர்கள் வழிபட்ட புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் அந்த நிலத்தில் இருந்தன.

சாராபாய் அன்றைய திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைச் சந்தித்துப் பேசினார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் மக்களிடமே இதைக் கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள் என்று அப்துல் கலாம் பல இடங்களில் நெகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். குடியிருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடுகளும் புதிய தேவாலயமும் அமைந்தன. பழைய தேவாலயம் அலுவலகமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நாம் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்காக ஊரை விட்டு வந்தவர்கள். பெரும்பாலோர் வேலைக்காக, நம் விருப்பத்தோடு வந்தோம். தும்பா மக்கள் தங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு ஊரை விட்டுக்கொடுத்தார்கள். கடலுக்குப் போகிறவனுக்குக் கரையில் நூறு அடி தள்ளிப் போவதும் பெரிய தூரம்தான். ராக்கெட்டின் புகழைப் பேசும்போது முதலில் அவர்களைப் பேசுவது நமக்கு அழகு.

21 நவம்பர் 1963

அன்று மாலை இருள் கவியத் தொடங்கும் நேரத்தில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. பெயர் நைக்கி–அப்பாச்சி. ராக்கெட் அமெரிக்காவுடையது, அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது, கடற்பகுதியைக் கண்காணித்த ஹெலிகாப்டர் சோவியத் நாட்டுடையது. இடமும் உழைப்பும் நம்முடையவை. அமெரிக்காவும் சோவியத்தும் எதிரும் புதிருமாக இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

ராக்கெட்டின் பாகங்களை இணைப்பதும் பாதுகாப்பும் ராமேஸ்வரத்துக்காரரான கலாமின் பொறுப்பு. ரேடாரும் தொலை அளவையும் அவரைப் போலவே சென்னை எம்.ஐ.டி.யில் படித்த ஆர். ஆராவமுதனின் பொறுப்பு. ஏவுதள ஏற்பாடுகள் ஈஸ்வரதாசுடையது. கடைசி நேரத்தில் கிரேனின் எண்ணெய் அழுத்தக் குழாயில் கசிவு. எல்லோருமாகச் சேர்ந்து கைபலத்தாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினோம் என்று கலாம் தம் சுயசரிதையில் சொல்கிறார். விசையைப் பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை வேண்டுமா?

மேலே போனதும் ராக்கெட் சோடியம் ஆவியை வெளியிட்டது. தரையில் இருட்டு, ஆனால் அந்த உயரத்தில் இன்னும் வெயில். ஆகவே ஆவி செம்மஞ்சள் மேகமாக ஒளிர்ந்தது. அந்த மேகம் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று படம்பிடித்தால் அங்குள்ள காற்றின் வேகம் தெரிந்துவிடும். 200 கி.மீ. உயரத்தில் ஒளிரும் மேகத்தை நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் நிற்பவர்களும் பார்க்கலாம். வானத்துக்கு மாநில எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம்மைப் பிரித்த கோடு தரையில் மட்டும்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம்

பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் அளவுதான். ராக்கெட்டின் நிறை சுமார் 700 கிலோ. அதைப் பூமி கீழே இழுக்கும் விசை சுமார் 7,000 நியூட்டன். முதல் கட்ட இயந்திரம் மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். மேல்நோக்கி மிஞ்சுவது 1,93,000. இதை 700-ஆல் வகுத்தால் சுமார் 275 வரும். அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 275 மீட்டர் கூடுகிறது. நின்ற இடத்திலிருந்து ஒரே நொடியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகம்!

இந்த இயந்திரம் எரிவது மூன்றரை நொடிதான். அதற்குள் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வேகம் வந்துவிடுகிறது. எரிந்து முடிந்த கட்டம் கழன்று விழுந்ததும், சற்று இடைவெளிக்குப் பின் இரண்டாவது கட்டம் சில நொடிகள் எரியும். அவ்வளவுதான், எரிபொருள் தீர்ந்தது. ராக்கெட் அப்போதுதான் பயணத்தையே தொடங்கியிருக்கிறது. மீதித் தூரம் முழுவதும் எந்தத் தள்ளலும் இல்லாமல் போகிறது. அரிஸ்டாட்டில் பார்த்திருந்தால் திகைத்திருப்பார். "யாரும் தள்ளலையே, அப்புறம் எப்படிப் போகுது?" என்று கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய வாரிசுதான். ஏற்கெனவே பெற்ற வேகத்தை விடாமல் வைத்துக்கொள்வது பொருளின் இயல்பு என்பதே பதில்.

வேகத்தைக் குறைப்பது பூமியின் ஈர்ப்பு. ஒவ்வொரு நொடியும் 9.8 மீட்டர் வீதம் அது பிடுங்கிக்கொண்டே இருக்கும். 200 கி.மீ. உயரத்தைத் தொட வேண்டுமானால் கையில் எவ்வளவு வேகம் இருக்க வேண்டும்? காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. அந்த வேகத்தில் இங்கிருந்து நாகர்கோவிலுக்கு 35 நொடியில் போய்விடலாம். பேருந்தில் நாம் படும் பாடு உங்களுக்கே தெரியும். நொடிக்கு 9.8 வீதம் குறைந்து அந்த வேகம் முழுதும் தீர 200 நொடிகளுக்குச் சற்று மேல் ஆகும். மூன்றரை நிமிஷத்துக்குள் உச்சி. அங்கே ஒரு கணம் மேல்நோக்கிய வேகம் பூச்சியம், பிறகு இறக்கம். அந்த உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதைவிட 6 சதவீதம்தான் குறைவு. "விண்வெளிக்குப் போனால் ஈர்ப்பே இருக்காது" என்று பிள்ளைகள் சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

எதைத் தள்ளிக்கொண்டு போகிறது?

காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உதைத்து மேலே போகும்? படித்தவர்களும் கேட்ட கேள்வி இது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் காடார்டு ராக்கெட்டில் மிக உயரம் போகலாம் என்று எழுதியபோது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 1920 ஜனவரியில், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்க முடியாது, பள்ளிக்கூடத்துப் பாடம்கூட அவருக்குத் தெரியவில்லை என்ற தொனியில் தலையங்கம் எழுதியது. மனிதர்கள் நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது.

ராக்கெட் உதைப்பது காற்றை அல்ல; தன் வயிற்றிலிருந்து தானே வெளியேற்றும் சூடான வாயுவை. வாயுவை ராக்கெட் கீழே தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால் அது அறை முழுக்கப் பறக்கிறதே, அதே கதைதான். எரிபொருள் தீரத் தீர ராக்கெட்டின் நிறை குறைவதால், அதே விசைக்கு முடுக்கம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது விதியும் மூன்றாவது விதியும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

நேர்கோடு உண்மையில் நேர்கோடா?

முழுக்க அல்ல. எரிந்த பாகங்கள் ஊரின் மேல் விழக்கூடாது என்பதற்காக ராக்கெட்டைக் கடல் பக்கம் கொஞ்சம் சாய்த்தே ஏவுவார்கள். அந்தச் சாய்வால் மேற்குப் பக்கமும் சிறிது வேகம் கிடைக்கும். ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுப்பதால் அந்தப் பக்கவாட்டு வேகத்தைத் தொடாது. மேலே போவது ஒரு கணக்கு, பக்கவாட்டில் போவது தனிக் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் வளைகோடு. இதையும் கலிலியோவே சொல்லிவைத்தார்.

செயற்கைக்கோளை நிலைநிறுத்தப் பக்கவாட்டு வேகம்தான் முக்கியம். நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேண்டும். கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியும் கைகொடுக்கும், கிழக்கே கடலும் வேண்டும். ஆகவே அந்தப் பெரிய வேலை ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போயிற்று. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கும் காரணம் நேர்கோடுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு, குறுக்கே நிலம் கிடையாது.

விட்ட இடத்தில் தொடர்ந்தவர்கள்

முதல் ராக்கெட் இரவல். நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, நம் நாட்டிலேயே செய்த ஆர்.எச்.–75 தும்பாவிலிருந்து கிளம்பியது. 75 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில். ஒரு தேங்காயைவிட மெலிந்த அந்தக் குழாய்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் பாட்டன். 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று நம் கோவளத்தில் காலமானார். இங்குள்ள விண்வெளி மையம் அவர் பெயரைத் தாங்கியது. கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.–3, 1980 ஜூலை 18 அன்று செயற்கைக்கோளை நிலைநிறுத்தியது. தும்பாவின் ஆர்.எச்.–200 ராக்கெட் 2022 நவம்பர் 23 அன்று தொடர்ச்சியாக 200-ஆவது வெற்றிப் பயணத்தை முடித்தது. குமரி மாவட்டத்துக் கிராமத்துப் பள்ளிகளில் தொடங்கிய கே. சிவனும் வி. நாராயணனும் இதே நகரத்தின் விண்வெளி மையங்களுக்குத் தலைமை தாங்கி, பின்னர் இஸ்ரோவின் தலைவர்களாகவும் உயர்ந்தார்கள்.

சொல்லும் ஒரு விசைதான்

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் இங்கே இதே பாடத்தை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ படிக்கிறார்கள். மலையாளப் புத்தகத்தில் 'பலம்' என்று இருப்பதை நாம் 'விசை' என்கிறோம். அவர்களுடைய 'த்வரணம்' நமக்கு 'முடுக்கம்'. இலங்கைத் தமிழர்களுக்கு 'ஆர்முடுகல்'. 'ஜடத்வம்' இங்கே, தமிழ்நாட்டில் 'நிலைமம்'. எது உயர்வு எது தாழ்வு என்ற வம்புக்கு நான் வரவில்லை. விசை என்பது கிணற்றடியில், பட்டறையில் புழங்கிய சொல். மாட்டை முடுக்கினான் என்றால் படிக்காத பாட்டிக்கும் புரியும். அந்தச் சொல் தெரிந்த பிள்ளைக்கு வேகம் கூடுவது கண்முன் நிற்கும். சூத்திரம் பிறகு தானே வரும்.

வேற்று மாநிலத்தில் வளரும் பிள்ளையிடம் தமிழ் வீட்டுப்பேச்சு அளவில் நின்றுவிட்டால், "சாப்பிட வா", "தூங்கப் போ" என்பதற்கு மேல் அதற்கு வேலை இருக்காது. வேலை இல்லாத சொல் மெல்ல மெல்ல நின்றுபோகும். உராய்வு இருக்கிற உலகில் தள்ளாத வண்டி நின்றுவிடும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இந்த விஷயத்தில் மட்டும் சரி! ஆகவே அடுத்த விடுமுறையில் உறவினர்களோடு தும்பா அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அந்தப் பழைய தேவாலயத்தின் முற்றத்தில் நின்று, மேலே போன அந்த ராக்கெட்டின் கணக்கை உங்கள் பிள்ளைக்குத் தமிழில் சொல்லுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை. ஒரு மூன்றரை நொடி நாம் தள்ளிவிட்டால் போதும். மீதி உயரத்தை அவர்களே ஏறிக்கொள்வார்கள்.